முப்பத்தெட்டாம் பகுதி

டிவியை அணைத்த கையோடு அதன் கண்ணாடிக்கு அருகே முன்கையைக் கொண்டுபோனால் மயிர்க்கால்கள் எல்லாம் எழுந்து நின்று, எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு முழங்கைவரை ஏறும். பெட்டிக்குப் பின்னாலிருந்து சூடேறிய தூசியின் வாசனை வரும். மாலை ஆறு மணிக்கு, எங்கள் தொடர் முடிந்த மறுநிமிடம், நாங்கள் நான்கு பேரும் வரிசையாக நின்று இப்படிக் கையைக் காட்டுவோம். ஹருகோதான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று நம்மைத் தொடுகிறாள் என்று பாபு சொல்வான், அதை யாரும் மறுத்ததில்லை.

அது ஒரு ஜப்பான் நாட்டு கார்ட்டூன். தமிழில் பேசவைத்து, திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்தரை மணிக்குப் போட்டார்கள். ஊர் ஆறு வற்றிப்போனதால், தண்ணீர் எங்கே நின்றுவிட்டது என்று பார்க்க, காய்ந்த ஆற்று மணலிலேயே மலையை நோக்கி நடந்து போகும் பன்னிரண்டு வயதுப் பெண் ஹருகோ. அவளுக்குத் துணையாக யானை அளவுக்கு உடம்பும் கம்பளி போன்ற மயிரும் கொண்ட கும்பா என்ற விலங்கு. கரையோர ஊர் ஒவ்வொன்றும் ஒரு பகுதி. மொத்தம் ஐம்பத்திரண்டு பகுதிகள். தொடருக்கு வேறு ஏதோ நீளமான பெயர் இருந்தது; எங்கள் தெருவில் அதற்குப் பெயர் ‘ஆத்துப் பொண்ணு’. நான் மூலக்குளத்தில் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷத்தில், அது ஓடிய இரண்டரை மாதமும், பள்ளி, பூசை, பரீட்சை எல்லாமே இந்த அரைமணி நேரத்துக்கு முன்னால், பின்னால் என்றுதான் என் நினைவில் அடுக்கப்பட்டிருக்கின்றன.

நான்கு பேர் என்றேன். நான், எதிர்வீட்டுக் கலைவாணி, அவள் அண்ணன் செந்தில், தெருக்கோடி பாபு. கலைவாணியின் அப்பா வீராம்பட்டினத்துக்காரர். விடியலில் அங்கே மீன் எடுத்து வண்டியில் வில்லியனூர்ப் பக்கம் கொண்டுபோய்ப் போடுகிறவர். செந்தில் ஏழாம் வகுப்பு. அதனால் அவன் சொல்வதே சட்டம். என் அப்பா மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தார். அம்மா வீட்டிலேயே, டிவி இருந்த அதே அறையில், ஜன்னலைப் பார்த்துப் போட்ட மிஷினில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள்.

ஒவ்வொரு நாளும் தொடர் முடியும்போது மறுநாள் கதையிலிருந்து பத்து விநாடி காட்டுவார்கள். முப்பத்தேழாம் பகுதியின் கடைசியில் அந்தப் பத்து விநாடியில் வந்தது இதுதான்: பனிமூட்டத்தில் கண்ணாடியால் ஆன ஒரு பாலம்; கும்பா பக்கவாட்டில் சாய்ந்து தரை அதிர விழுகிறது; பெரிய மரக்கதவு ஒன்றை ஹருகோ இரண்டு கைகளாலும் அடித்துக்கொண்டே நிற்கிறாள். ‘நாளை: கண்ணாடிப் பாலம்’ என்று எழுத்து வந்து திரை இருண்டுவிட்டது. கும்பா செத்துவிடுமா என்ற கவலையில் மறுநாள் வகுப்பில் எனக்கும் கலைவாணிக்கும் ஒரு கணக்கும் ஓடவில்லை.

பள்ளி விட்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா மிஷின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். காபி கேட்டதற்கு அவள் திரும்பவில்லை. துணி மட்டும் ஊசிக்கடியில் கோணலாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவள் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது, ஸ்டூலோடு சரிந்தாள். அவள் கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்ததையும் வாயோரம் நுரை வந்ததையும் நான் அறையின் மூலையில் பையைக் கழற்றாமலே நின்று பார்த்தேன். கத்தினேனா என்றுகூட நினைவில்லை. யாரோ ஒரு ஆட்டோக்காரரும், அந்தச் சமயத்தில் தற்செயலாக டவுனிலிருந்து தைத்த துணி வாங்க வந்த பெரியம்மாவும் சேர்ந்து அம்மாவைத் தூக்கி ஏற்றினார்கள். தெருவில் அப்போது யாரும் இல்லை. ஆட்டோவிலேயே அவளுக்கு இன்னொரு முறை வலிப்பு வந்தது.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியின் அந்த நீண்ட நடைவழியில், மூடிய கதவுக்கு வெளியே என்னை உட்காரவைத்துவிட்டுப் பெரியம்மா உள்ளே போனாள். சுவரோரமாகப் பாயும் தூக்குவாளியுமாக வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எல்லோரும் ஒன்றாக நிமிர்ந்து, பிறகு ஒன்றாகத் தளர்ந்தார்கள். ஐந்தரை மணி ஆனது எனக்குத் தெரியும். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. அந்த நேரத்தில்கூட, இப்போது கும்பா விழுந்திருக்கும் என்று ஒருதரம் நினைத்தேன், நினைத்ததற்காக என்னையே வெறுத்துக்கொண்டேன்.

ஆறரைக்கு என்னை உள்ளே விட்டார்கள். அம்மா கண் திறந்துதான் இருந்தாள். கட்டிலருகே போய் நின்ற என்னை, வீட்டுக்கு ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிற பெண்களுடன் வரும் பிள்ளைகளைப் பார்ப்பாளே, அந்த மாதிரி மரியாதையான ஒரு பார்வை பார்த்து, “நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?” என்றாள்.

நான் வெளியே ஓடி வந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, திண்டிவனம் பக்கத்திலிருந்து புருஷனுக்கு வைத்தியம் பார்க்க வந்திருந்த ஒரு அம்மாள், என்ன ஏதென்று விசாரித்துவிட்டு, தன் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும் என்றும், வந்து போன பிறகு கொஞ்ச நேரம் ஆள் அடையாளம் தெரியாது என்றும் சொன்னாள். “பயப்படாத பாப்பா. உள்ள போயி உன் பேரைச் சொல்லிக்கினே இரு. நெனப்பு தானா வந்துரும்.” நான் திரும்பிப் போய்க் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் ஜெசிம்மா, நான் ஜெசிம்மா என்று சொல்லிக்கொண்டே நின்றேன். எத்தனை முறை சொன்னேனோ. அப்பா வேலையிலிருந்து வந்து சேர்ந்த நேரத்தில், அம்மா எதுவுமே நடக்காததுபோல் திரும்பி, “ஜெசி, சாப்பிட்டியாடி?” என்று கேட்டாள். இடையில் என்ன கேட்டாள் என்பது அவளுக்கு நினைவே இல்லை. அதை அவளிடம் யாரும் சொல்லவும் இல்லை.

அன்றைக்கே பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அம்மாவின் தங்கை தெரேஸ் சித்திக்கு அப்போது காரைக்காலில் ஒரு இடம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அக்காவுக்கு வலிப்பு என்று தெரிந்தால் தங்கையைக் கட்டுவார்களா? “டாக்டர்கிட்ட சொன்னா நோவு பாதியாவும், தெருவுல சொன்னா ரெட்டிப்பாவும்” என்பது பெரியம்மா அடிக்கடி சொல்கிற வாக்கு. யாராவது கேட்டால், டவுனில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ‘சொல்தா’. அவர் என் தலையைத் தடவி, வழக்கம்போல் “துஸ்மான், துஸ்மான்” என்றார். மெதுவாக, பதறாமல் என்று அதற்கு அர்த்தம். பதறாமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் மாலை தெருவுக்கு வந்ததும்தான் இன்னொரு விஷயம் தெரிந்தது. முந்தின நாள் ஐந்து மணிக்கு டிரான்ஸ்பார்மர் வெடித்து மூலக்குளம் முழுக்க ‘கரண்டு கட்டு’. யாரும் முப்பத்தெட்டாம் பகுதியைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் என் வீட்டு வாசலில் காத்திருந்தார்கள்.

“எங்கடி போயிருந்த?” என்றாள் கலைவாணி.

“டவுன்ல பெரியம்மா வீட்டுக்கு.”

“டவுன்ல கரண்டு இருந்துச்சா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பெரியம்மா வீட்டில் டிவி ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர்கள் முதல் பொய்யிலேயே களைத்துப்போகிறார்கள்; அடுத்ததற்கு அவர்களிடம் தெம்பு இருப்பதில்லை. இருந்துச்சு என்று தலையாட்டினேன். “அப்ப நீ பாத்துட்ட!” என்று செந்தில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், காலிமனையில் கிடந்த கருங்கல் குவியலின்மேல் உட்காரவைத்தான். கும்பா செத்ததா, இல்லையா, அதை முதலில் சொல்லச் சொன்னான்.

எனக்குத் தெரிந்தது அந்தப் பத்து விநாடிதான். மற்றதெல்லாம் முந்தின நாள் நான் பார்த்தது. கண்ணாடிப் பாலத்தின் நடுவில் கும்பா விழுந்து வெட்டி வெட்டி இழுத்தது என்றேன். அதை ஒரு பெரிய கதவுக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள், ஹருகோவை உள்ளே விடவில்லை என்றேன். அவள் கதவை அடித்தாள். வெளியே பாயோடு காத்திருந்த ஜனங்கள் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். கடைசியில் அவளை உள்ளே விட்டபோது கும்பா அவளைப் பார்த்து நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்டது. பிறகு ஹருகோ தன் பெயரைச் சொல்லிக்கொண்டே நின்றாள், நூறு தடவை, இருநூறு தடவை, பொழுது சாயும்வரை. கும்பா மெல்ல மூக்கை நீட்டி அவள் கையை முகர்ந்தது.

நான் சொல்லி முடித்தபோது பாபு சட்டைக் காலரால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். செந்தில் வேறு பக்கம் பார்த்தான். அன்றிலிருந்து அந்தப் பகுதியை அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பள்ளியில் மற்றவர்களுக்கும் சொல்லவைத்தார்கள். நல்லவேளையாக, எங்கள் வகுப்பில் எல்லோருமே எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்தான். யார் வீட்டிலும் அன்று மின்சாரம் இல்லை. ஆனாலும் மேல் வகுப்பில் டவுனிலிருந்து வருகிறவர்கள் யாராவது பக்கத்தில் வந்தாலே கதையைப் பாதியில் நிறுத்திவிடுவேன். ஒரு பொய்யின் மேல் நின்று இன்னொரு ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்பது அந்த வயதில் எனக்கு வார்த்தையாகத் தெரியாது. காலையில் எழுந்தால் முதலில் மிஷின் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பேன். சத்தம் நடுவில் நின்றால் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். அம்மா நூல் மாற்றிக்கொண்டிருப்பாள். கையில் இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டதிலிருந்து, பீரோவின் பழைய சாவி ஒன்றைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேதான் திரிந்தேன். கோயிலில் முதல்முறை அப்பம் வாங்கும் புதுநன்மைக்கு முன்னால், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில், சிநேகிதர்களிடம் பொய் சொன்னேன் சாமி என்று மட்டும் சொன்னேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொன்னார். முப்பது சொன்னேன். பயம் போகவில்லை.

தொடர் முடியும் தறுவாயில் அந்த அறிவிப்பு வந்தது. உங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி எது? எண்ணையும் பெயரையும், ஏன் பிடித்தது என்பதையும் கார்டில் எழுதி அனுப்புங்கள். அதிகம் பேர் கேட்கும் பகுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி காட்டப்படும்.

கருங்கல் குவியலில் கூட்டம் கூடியது. ஆளுக்கொன்று எழுதினால் ஓட்டு சிதறும், நாலு பேரும் ஒரே பகுதிக்கு எழுத வேண்டும் என்று செந்தில் சொன்னான். நான் முந்திக்கொண்டு பன்னிரண்டாம் பகுதி என்றேன். தவளைகளின் மழைத் திருவிழா வருவது. அது எவ்வளவு நல்லது, எவ்வளவு சிரிப்பு என்று மூச்சுவிடாமல் பேசினேன். கலைவாணி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். “நீதானே கண்ணாடிப் பாலம்தான் பெஸ்டுன்ன? நாங்க அதைப் பாக்கவே இல்லியே. அது வந்தாத்தானே பாக்க முடியும்?” என்றாள். மூன்றுக்கு ஒன்று. என் கையாலேயே நானும் முப்பத்தெட்டு என்று எழுதினேன்.

கார்டுகளைப் பெட்டியில் போடும் பொறுப்பு எனக்கு வந்தது, அப்பா வேலைக்குப் போகும் வழியில் தபாலாபீஸ் இருந்ததால். அப்பாவிடம் கொடுக்கவில்லை. கிழித்துப்போடவும் கை வரவில்லை. மூன்று பேருடைய கையெழுத்து அதில் இருந்தது. மிஷினின் அடியில் அறுந்த பட்டன்களும் சாக்பீஸ் துண்டுகளும் கிடக்கும் இழுப்பறையில் நான்கையும் சொருகி வைத்தேன். போட்டாச்சா என்று தினமும் கேட்டார்கள். போட்டாச்சு என்றேன்.

மூன்றாம் நாள் பள்ளியிலிருந்து வந்தபோது மிஷின் ஓடவில்லை. என் கை தானாகவே பையிலிருந்த சாவிக்குப் போனது. அம்மா ஸ்டூலில் நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள். மடியில் நான்கு கார்டுகளும் விரித்துக் கிடந்தன. பட்டன் தேடியிருக்கிறாள். பாபுவின் கார்டு மேலே இருந்தது. ‘கும்பாவுக்கு ஹருகோவை அடையாளம் தெரியாமல் போய் நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்பதும், அவள் பேரைச் சொல்லிக்கொண்டே நிற்பதும் எனக்கு மிகவும் பிடித்த இடம்’ என்று பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தான். கலைவாணியும் ஏறக்குறைய அதையேதான் எழுதியிருந்தாள்.

அந்தப் பகுதி வந்த நாள் எது என்று அம்மா கேட்டாள். சொன்னேன். பாபுவின் கார்டை எடுத்து மறுபடி படித்தாள்.

“நான் உன்னை அப்படிக் கேட்டனா, ஜெசி?”

நான் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அம்மா என்னைக் கட்டிப்பிடித்துத் தேற்றவில்லை. அவளுடைய கைகள் கார்டின்மேல் அப்படியே இருந்தன. ஒரு தாய்க்கு அதைவிடப் பயங்கரமான செய்தியை யாரும் சொல்லியிருக்க முடியாது என்று எனக்கு இப்போது தெரிகிறது. எத்தனை நேரம் அப்படி இருந்தேன் என்று கேட்டாள். அரைமணி என்றேன். யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, “வா, போட்டுட்டு வரலாம்” என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அம்மா தனியாக வெளியே போகக் கூடாது என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். வில்லியனூர் ரோட்டில் பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பெட்டிவரை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு லாரி ஹாரனுக்கும் அவள் கழுத்து திருகிக்கொள்கிறதா என்று பார்த்தேன். இங்கே விழுந்தால் எந்தப் பக்கம் சாய்ப்பது, யாரைக் கூப்பிடுவது என்று கடை கடையாகக் கணக்கிட்டுக்கொண்டே போனேன். கீழே பார்த்து நடக்காததால் இரண்டு முறை கல்லில் தடுக்கினேன். அம்மா கார்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் விட்டாள். வேண்டாம்மா, அது வந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிரும் என்று கெஞ்சினேன். புள்ளைங்க எழுதினதை அமுக்கி வைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை முடிவு சொன்னார்கள். முப்பத்தெட்டாம் பகுதி, கண்ணாடிப் பாலம். நம்ம நாலு கார்டாலதான் என்று பாபு தெருவில் குதித்துக்கொண்டு ஓடினான். எங்கள் நான்கு கார்டால் அது வந்திருக்காது. யார் யாரோ எந்தெந்த ஊரிலிருந்தோ எழுதியிருப்பார்கள். ஆனால் எனக்கும் அப்போது, எனக்கான தண்டனையை நானே என் கையெழுத்தில் எழுதிக் கேட்டு வாங்கியதாகத்தான் தோன்றியது. எல்லாரும் நம்ம வீட்டுக்கே வரட்டும் என்று அம்மா சொன்னது என் கலக்கத்தை இன்னும் அதிகமாக்கியது. ஞாயிறு காலைப் பூசையில், ஒரு அரைமணி நேரம், பத்திலிருந்து பத்தரைவரை மட்டும், மூலக்குளத்துக்குக் கரண்டு இல்லாமல் செய்யும்படி மாதாவிடம் கேட்டேன்.

கரண்டு போகவில்லை. நாங்கள் நால்வரும் தரையில் உட்கார்ந்தோம். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிஷினில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிப் பாலம் உண்மையில் பனிக்கட்டிப் பாலம். கும்பா விழுந்தது, யாரோ படைத்து வைத்திருந்த அரிசிக் கொழுக்கட்டைகளை எல்லாம் தின்றுவிட்டு வயிறு கனத்து நடக்க முடியாமல். அந்தப் பெரிய கதவு கொழுக்கட்டைக்காரனுடைய கிடங்குக் கதவு. உள்ளே கும்பா குறட்டைவிட்டுத் தூங்குகிறது, அதை எழுப்பத்தான் ஹருகோ கதவை அடிக்கிறாள். தொடரிலேயே மிக வேடிக்கையான பகுதி அதுவாக இருக்க வேண்டும். பாபு முதலில் ஒருதரம் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். விளம்பரம் வந்ததும் செந்தில் என் பக்கம் திரும்பினான்.

“நீ பாக்கவே இல்ல. எல்லாம் ரீலு.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் சித்தி கல்யாணம் நின்றுவிடும்; சொல்லாவிட்டால் இனி இந்தத் தெருவில் எனக்கு யாரும் இல்லை. பத்து வயதில் அந்த இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. அப்போது மிஷின் நின்றது. நான் பதறி எழுந்தேன். அம்மா ஸ்டூலில் எங்கள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

“அன்னிக்கு எனக்கு வலிப்பு வந்துருச்சு, செந்திலு. இவ கோரிமேட்டு ஆஸ்பத்திரியில இருந்தா. வெளிய சொல்லக் கூடாதுன்னு நாங்கதான் சொன்னோம். இவ உங்களுக்குச் சொன்ன கதையில கீழ விழுந்தது நான்.”

விளம்பரங்கள் ஓடி முடிந்து தொடர் மறுபடி தொடங்கியது. மீதிப் பகுதியையும் பார்த்தோம். கொழுக்கட்டைக்காரன் கும்பாவைத் துரத்திக்கொண்டு ஓடினான். முடிந்ததும் செந்தில் எழுந்து போனான். பாபு அவன் பின்னால் போனான். கலைவாணி மட்டும் வாசல் கேட்டருகே நின்றாள். என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, தணிந்த குரலில், “இப்ப உங்கம்மாவுக்கு உன்னைத் தெரியுதா?” என்று கேட்டாள். தெரியுது என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு நடந்தவற்றை நல்லபடியாக முடிந்ததென்று என்னால் சொல்ல முடியாது. செந்தில் ஒரு மாதத்துக்குமேல் என்னோடு ‘டூ’. எப்போது ‘பழம்’ விட்டான் என்றுகூட நினைவில்லை. சேதி ஒரு வாரத்தில் டவுனுக்குப் போனது. பெரியம்மா வந்து வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போனாள். உள்ளே வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காரைக்கால்காரர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அது இந்தக் காரணத்தால்தானா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நம்பினோம். சித்தி ஆறு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள்; பெண் பார்க்க வந்த அன்றே அம்மா அவரிடம் தன் நோயைப் பற்றித் தானே சொன்னாள். அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். இருந்தும், ஒரு கார்ட்டூன் கதைக்காக என் தங்கச்சி வாழ்க்கையில வெளயாடிட்டியே என்று பெரியம்மா அன்று கேட்டது அம்மாவின் மனத்தில் தங்கிவிட்டது. தான் செய்தது சரிதானா என்று வெகுகாலம் கழித்தும் அவள் என்னிடம் கேட்டிருக்கிறாள். சரிதான் என்று நான் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று எனக்குத் தெரியாது; அன்று காப்பாற்றப்பட்டவள் நான்தானே. மாத்திரைகளால் அவளுக்கு வலிப்பு வருவது நின்று வருஷக்கணக்காகிறது. ஆனால் இப்போதும் வெளியூரிலிருந்து நான் போன் செய்யும்போது, யாரு என்று அவள் வழக்கமாகக் கேட்கும் அந்த ஒரு விநாடியில் என் மூச்சு நின்றுதான் ஓடுகிறது.

இந்த வருஷம் யாரோ அந்தத் தொடரின் ரசிகர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார்கள். எங்கெங்கோ இருக்கும் நாற்பதை நெருங்கிய ஆண்களும் பெண்களும் சின்னப் பிள்ளைகள்போல் ஐம்பத்திரண்டு பகுதிகளையும் பட்டியல் போட்டு, எது சிறந்தது என்று ஓட்டெடுப்பு வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிரான்ஸிலிருந்து கலைவாணிதான் என்னை அதில் சேர்த்துவிட்டாள். அவள் எதற்கு ஓட்டுப் போட்டாள் என்று கேட்டதற்குச் சிரிக்கும் முகம் ஒன்றை மட்டும் அனுப்பினாள். நான் எதற்குப் போடுவதென்று தெரியாமல் மூன்று நாள் வைத்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் முப்பத்தெட்டு என்ற எண்ணைத் தொடவே விரல் கூசியது.

போன ஞாயிற்றுக்கிழமை மூலக்குளத்துக்குப் போயிருந்தபோது, உனக்குப் பிடித்தது எதும்மா, நான் உன் ஓட்டைப் போடுகிறேன் என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, தான் ஒரு பகுதியைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை என்றாள். கண்ணெல்லாம் துணியில், முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண் பேசுவதை தினமும் காதால் கேட்டதோடு சரி. ஆத்துக்கிட்ட அவ பேசுவாளே, அது நல்லாருக்கும் என்றாள். போனில் தேடி ஒரு பகுதியைப் போட்டுக் காட்டினேன். இணையத்தில் இருப்பதெல்லாம் ஜப்பானிய மொழியில்தான். தமிழில் பேசிய அந்தத் தொடர் எங்குமே இல்லை. குழுவில் எத்தனையோ பேர் வருஷக்கணக்காகத் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. அதை ஒளிபரப்பிய சேனலும் இல்லை. ஹருகோவாகத் தமிழில் பேசிய அந்தப் பெண் யார், எந்த ஊர், இருக்கிறாளா என்று யாருக்கும் தெரியாது.

அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, போனைக் காதருகே பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள். படத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு நிமிடம் கேட்டிருப்பாள். “வேற யாரோ பேசுறாங்க” என்று போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அரிசி களைய எழுந்து போனாள்.